மூச்சிரைப்புக்குக் கொடுத்த மாத்திரை

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்குடிக்கு அருகே கண்மாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் பெரியவர் ஒருவருக்கு மூச்சிரைப்பு தணிய ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தேன். தணியாதபோது அளவைக் கூட்டியவனும் நானே. மூன்றாம் வாரம் வயிற்றுவலி, வாந்தி, கடுங்காய்ச்சலோடு அவரைத் தூக்கிவந்தார்கள். சட்டையை விலக்கிப் பார்த்தால், மை தொட்ட கட்டைவிரலைத் தொப்புளைச் சுற்றி ஒற்றி எடுத்தாற்போல ஊதாத் திட்டுகள். சளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்த லேப் பெண், "சார், ஏதோ நெளியுது" என்றார். நெளிந்தது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நூல்புழுவின் குஞ்சு.

மனிதக் கழிவு கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் குடியேறும் புழு இது. இதன் குஞ்சுகளில் சில, வெளியேறும் முன்பே குடற்சுவரைத் துளைத்து மறுபடியும் அதே சுற்றைத் தொடங்கிவிடுவதால், மண்ணை மிதிப்பதை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் உடலில் தங்கியிருக்கும். 1942-43இல் சயாம்-பர்மா இரயில்பாதை வேலையில் வதைபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பலரிடம், ஊர் திரும்பி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு இதைக் கண்டறிந்தார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. அவர்களில் எத்தனை பேர் இப்புழுவோடு வாழ்ந்து முடித்தார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கியதும் புழு கட்டின்றிப் பெருகி, குடல் பாக்டீரியாக்களையும் இரத்தத்துக்குள் இழுத்துச் செல்கிறது. பெரியவரின் முதல் இரத்தப் பரிசோதனையில், புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் கூடும் வெள்ளணுவான ஈசினோபில் 14 சதவீதமாக உயர்ந்திருந்தது. அதை ஆஸ்துமாவின் கணக்கில் எழுதிவிட்டேன். அந்த இரைப்புக்கே புழு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருமுறை மலம் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் நம்புவதற்கில்லை, ஏனெனில் குஞ்சுகள் தினமும் அகப்படுவதில்லை.

ஸ்டீராய்டைக் குறைத்து, ஆண்டிபயாட்டிக்கோடு தினமும் ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்து கொடுத்தோம். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில், இனி வெறுங்காலோடு வயலில் இறங்கவேண்டாம் என்றேன். "சேத்துல செருப்போட எப்படிங்கய்யா நாத்து நடுறது?" என்று அவர் மகன் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால் இப்போது, வயலில் இறங்குபவருக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு எழுதும் முன் பழைய ரிப்போர்ட்டுகளில் ஈசினோபில் அளவைத் தேடுகிறேன். ஐயம் இருந்தால், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் ஐவர்மெக்டினை முதலில் கொடுத்துவிடுகிறேன்.