ஆல்பேட்டை தாண்டிப் போன முந்திரி

கடலூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை உண்டு. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கி, கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம். டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே என்று பாதி உறவு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் விளம்பரம் செய்து அந்த ஊருக்கு ஒரு கிலோ முந்திரி அனுப்பினால், சட்டப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வியாபாரம். பெங்களூருக்கு அனுப்புவதும் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாகூருக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

எங்கள் கடை திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. முந்திரிப் பருப்புதான் முக்கியம். பாதாம், திராட்சை, ஏலக்காய் எல்லாம் கூட வைத்திருக்கிறோம். மாமனார் ஆரம்பித்த கடை. பண்ருட்டிக்கு அருகே காடாம்புலியூர் பக்கம் உடைத்துத் தரம் பிரித்த பருப்பை வாங்கி வந்து விற்கிறோம். பழைய வாடிக்கையாளர்கள் விட்டுப் போகவில்லை, ஆனால் புதிதாக யாரும் வரவில்லை. இளவயதுக்காரர்கள் 'நல்ல முந்திரி எங்கே கிடைக்கும்' என்று பக்கத்து வீட்டில் கேட்பதில்லை, போனைக் கேட்கிறார்கள். அந்தப் போனுக்கு எங்கள் கடை இருப்பதே தெரியாது. அதைத் தெரியவைக்கும் வேலை மருமகளான என் தலையில் விழுந்தது.

விளம்பரத்துக்கு முன்னால் ஆடிட்டரைப் போய்ப் பார்த்தோம். இந்த வரிசை முக்கியம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். நாங்கள் 40 லட்சத்துக்குள் இருப்பதால் கவலையில்லை என்றுதான் மாமா சொன்னார். ஆடிட்டர் சார் வேறு கேள்வி கேட்டார்: "சரக்கை நீங்க கொண்டுபோய்க் கொடுப்பீங்களா, அவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்களா?" வித்தியாசம் அங்கேதான். புதுச்சேரிக்காரர் கடைக்கு வந்து காசு கொடுத்து, பில்லில் முகவரி எதுவும் எழுதாமல் வாங்கிப் போனால் அது கடலூர் வியாபாரம். அதே ஆள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டு, நாங்கள் அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய வியாபாரம். வரி போடும் பொருளை அப்படி அனுப்புகிறவருக்கு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். முந்திரிப் பருப்புக்கு 5 சதவீதம் வரி உண்டு.

விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும், சின்னக் கடைகளுக்கு வசதியான காம்போசிஷன் திட்டமும் இதனாலேயே எங்களுக்கு ஆகவில்லை. அதில் சேர்ந்தவர்கள் சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்க முடியாது. அதனால் சாதாரணப் பதிவையே எடுத்தோம். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, கடையின் வரி ரசீது, வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், இவ்வளவுதான். எண் 33 என்று தொடங்கும். புதுச்சேரிக்காரர்களுடையது 34. பில் போடும்போது 'சப்ளை நடக்கும் இடம்' என்ற பெட்டியில் 34 புதுச்சேரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், வரி ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் தாண்டிய வியாபாரத்துக்கான ஜி.எஸ்.டி. கணக்கில் போகும்.

இதில் ஒரு பொடி வைத்த விஷயம் பின்கோடு. புதுச்சேரி நகரம் 605-ல் தொடங்கும். பாகூர் 607402. அந்த 607-ஐப் பார்த்ததும் நம்ம மாவட்டம்தானே என்று கை தானாகத் தமிழ்நாடு என்று போட்டுவிடும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே ஊர்ப் பெயரோடு 'தமிழ்நாடா, பாண்டியா' என்று கேட்டுவிடுகிறேன். கேட்பதற்கு அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லையோரத்து ஆட்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேலே போனால் பதிவு போதாது, லைசென்ஸ் வேண்டும் என்று அப்போது இருந்தது. எதுவானாலும் வருகிற 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எடை, விலை, பாக்கெட் போட்ட மாதம், முகவரி, தொடர்பு எண், சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி எல்லாம் சேர்த்து ஒரு ஸ்டிக்கராக அடித்துக்கொண்டோம்.

அப்புறம் கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை தெரிவதற்கான பதிவு, அதாவது பிசினஸ் ப்ரொஃபைல். கடை நிஜமாகவே இருக்கிறதா என்று அவர்கள் சரிபார்ப்பார்கள். முன்பெல்லாம் கடை முகவரிக்குத் தபால் அட்டை வரும், அதிலுள்ள எண்ணைப் போட்டால் முடிந்தது. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், உள்ளே சரக்கு தெரிய வேண்டும், எடுப்பவர் கடையை நடத்துகிறவர்தான் என்பதற்கு ஏதாவது ஒரு அடையாளமும் வேண்டும்.

காலையில் கடை திறக்கும் நேரத்தையே அதற்கு வைத்துக்கொண்டோம். தெருமுனையில் இருந்து எடுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்துக் கடை, எதிர்க்கடை, எங்கள் பலகை, பூட்டு. மாமா சாவியை எடுத்து ஷட்டரைத் தூக்கினார். பின்னாலேயே போய்த் தராசு, டின்கள், கல்லாப்பெட்டி, சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழ் என்று வரிசையாகக் காட்டினேன். "ஏம்மா, நம்ம கடைய நாமளே தொறந்து காட்டினாத்தான் கூகுள்காரன் நம்புவானாமா?" என்று மாமா கேட்டதும் அதில் பதிவாகிவிட்டது. அப்படியே அனுப்பினேன். அந்த வாரமே 'சரிபார்க்கப்பட்டது' என்று வந்துவிட்டது.

பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு வாக்குவாதம். உதவுகிறேன் என்று வந்த தெரிந்த பையன் ஒருவன், கடைப் பெயருக்குப் பின்னால் 'பாண்டிச்சேரி கடலூர் பெஸ்ட் முந்திரி ஹோல்சேல்' என்று சேர்க்கச் சொன்னான். பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயராக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. கூடுதலாகச் சேர்த்தால் ப்ரொஃபைலையே முடக்கிவிடலாம். நான் சேர்க்கவில்லை. டெலிவரி தரும் இடங்களாகப் பாகூர், அரியாங்குப்பம், புதுச்சேரி என்று குறிப்பிட வசதி இருக்கிறது, அதைச் செய்தேன். ஆனால் அதைப் போட்டதாலேயே பாண்டியில் தேடுகிறவருக்கு நம் கடை முதலில் வந்து நிற்காது. தேடுகிறவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள தூரம், தேடும் சொல்லோடு உள்ள பொருத்தம், கடைக்கு இருக்கும் பெயர் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வரிசை. தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

நம்பர் வெளியே போன மறுநாளில் இருந்து அழைப்புகள். 'கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் காலாவதியாகப் போகிறது, பணம் கட்டுங்கள்' என்பது ஒரு வகை. ப்ரொஃபைல் முழுக்க இலவசம், யாரிடமும் எதுவும் கட்ட வேண்டாம். இன்னொரு வகை, ராணுவ முகாமுக்கு ஐம்பது கிலோ வேண்டும் என்று இந்தியில் பேசிவிட்டு, பணம் 'வருவதற்காக' ஒரு க்யூஆர் கோடு அனுப்புவது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. இதை மாமாவுக்குச் சொன்னதோடு கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

இனி படம். எனக்குத் தெரிந்து வியாபாரத்தை நகர்த்தியது இதுதான். முந்திரியில் 180, 240, 320 என்று எண் சொல்வார்கள். ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது. 180 என்றால் 170 முதல் 180 வரை. 240 என்றால் 220 முதல் 240. 320 என்றால் 300 முதல் 320. எண் ஏற ஏறப் பருப்பு சிறியது, விலையும் குறைவு. கடைக்குள் இருக்கும் எங்களுக்கு இது பால பாடம். வாங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. '320 நல்லதா 180 நல்லதா' என்று கேட்டால் பலர் 320 என்பார்கள்.

எவர்சில்வர் தட்டில் நான்கு குவியல் வைத்தேன். 180, 240, 320, பாயசத்துக்குப் போடும் உடைந்த பருப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரூபாய் நாணயம். கீழே எண், அதன் பொருள், அன்றைய கிலோ விலை. ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே எடுத்தது. வறுத்துத் தின்ன 240, பிரியாணிக்கும் பொங்கலுக்கும் 320, பாயசத்துக்கு உடைந்ததே போதும், காசை வீணாக்காதீர்கள் என்று எழுதினேன். உடைந்ததே போதும் என்று கடைக்காரரே சொன்னதுதான் பிடித்திருந்தது போலிருக்கிறது. அந்தப் படம் கைமாறிக் கைமாறி, எங்களுக்கு அறிமுகமே இல்லாத குடும்ப குரூப்புகளுக்கெல்லாம் போய்விட்டு எங்களிடமே திரும்பி வந்தது.

விலையைப் போட்டதற்கு மாமாவுக்கு முதலில் மனசில்லை. போட்டிக் கடைக்காரன் பார்ப்பானே என்றார். அவன் எப்படியும் ஆள் அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்வான். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று போடும் பழக்கத்தை நான் வாங்குகிறவளாகவே வெறுக்கிறேன்.

'பண்ருட்டி முந்திரி' என்று போடுவதிலும் ஒரு சங்கடம். பண்ருட்டிப் பட்டறைகளில் உடைக்கும் கொட்டையில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, உள்ளூர்க் கொட்டை ஏன் போதவில்லை என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் நாங்கள் 'பண்ருட்டி வட்டாரத்தில் உடைத்துத் தரம் பிரித்தது' என்று எழுதுகிறோம். உள்ளூர்க் கொட்டை கிடைக்கும் காலத்தில் அதைத் தனியாகச் சொல்லி விற்கிறோம். உடைக்கும் அக்காக்களின் கைகளை மட்டும் காட்டி ஒரு சின்ன வீடியோவும் போட்டோம், அவர்களைக் கேட்டுத்தான். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதும், அதற்காகச் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருகிறார்கள் என்பதும் பாண்டியில் பலருக்குப் புதுச் செய்தி. அதன் பிறகு பேரம் பேசுவது கொஞ்சம் குறைந்தது என்று எனக்கு ஒரு எண்ணம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில்தான். கேட்லாக்கில் ரகம் வாரியாகப் படமும் விலையும் இருக்கின்றன. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைச் சேமித்து வைத்து, ஒரு சாய்கோடு தட்டினால் வருகிற மாதிரி செய்திருக்கிறேன். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தன் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். 'நம்பரைச் சேமித்து வையுங்கள், விலை இறங்கினால் முதலில் உங்களுக்குச் சொல்கிறோம்' என்று பில்லிலேயே அச்சடித்தோம். விலை இறங்கும்போது நிஜமாகவே சொல்கிறோம். தினமும் காலை வணக்கம் அனுப்புவதில்லை. அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள், செய்ய வேண்டியதுதான்.

காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தைக் கடைசியாகத்தான் தொட்டோம். ஃபேஸ்புக்கில் வரைபடத்தில் ஊசி குத்தி, சுற்றிலும் இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். கடலூரில் குத்தி வட்டம் போட்டால் பாதி வங்காள விரிகுடாவில் விழுகிறது. அதில் நஷ்டமில்லை, மீனுக்குக் காட்டிக் காசு கேட்க மாட்டார்கள். நஷ்டம் வேறு இடத்தில். அந்த வட்டத்துக்குள் வசிப்பவர்களோடு சமீபத்தில் வந்து போனவர்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். சனி ஞாயிறு பாண்டிக் கடற்கரைக்கு வருகிற கூட்டத்துக்கு முந்திரி வாங்கும் எண்ணமே இருக்காது. விரல் பட்டு வாட்ஸ்அப் திறந்து 'ஹாய்' என்று வரும், அத்தோடு சரி. அதனால் ஊசியைக் கடலூரில் இருந்து பிடுங்கிப் பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டோம், திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். அந்தப் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்க ஆரம்பித்தார்கள். நாங்கள் கணக்கிலேயே வைக்காத கூட்டம் அது.

விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. விளம்பரக் கணக்கில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்து வைத்தால் அதை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது.

விமர்சனம் எழுதச் சொல்லிப் பரிசோ தள்ளுபடியோ கொடுப்பது கூகுள் விதிக்கு விரோதம். பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் இணைப்பின் க்யூஆர் மட்டும் வைக்கிறோம். பெரும்பாலோர் எழுதுவதில்லை. பாக்கெட்டில் வண்டு இருந்தது என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டபோது மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாக்கெட் போட்ட மாதத்தைக் கேட்டு, வேறு பாக்கெட் அனுப்பி, அதே இடத்தில் பதிலும் எழுதினேன். அந்த விமர்சனம் இன்னும் அங்கேயே இருக்கிறது, பதிலும் இருக்கிறது.

இப்போது பாகூர்ப் பக்கத்து ஆர்டர்களைக் கொழுந்தன் வாரம் இருமுறை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். புதுச்சேரி நகரத்துக்கும் அதற்கு அப்பாலும் கூரியர். பெரிய ஆன்லைன் சந்தைகளில் சேரச் சொல்லி நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். கமிஷன், திரும்பி வரும் பாக்கெட் எல்லாம் கணக்குப் போட்டதில் கட்டுப்படியாகவில்லை, அதனால் போகவில்லை. காசு விளம்பரத்தை ஆடி மாதம் முழுக்க நிறுத்தி வைக்கிறோம். ஆவணி பிறந்து கல்யாண ஆர்டர்கள் தொடங்கும்போது மறுபடி போடுவோம். அதற்குள் ஐப்பசிக்கான தீபாவளிப் பெட்டியின் விலையை மாமா முடிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை.