ஸ்டாண்டர்ட் வேன்கார்ட்: லைனர் இறங்கியாச்சு

வேன்கார்ட் எஞ்சின் பிளாக்கில் நாலு லைனரும், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்களும், உட்கார்ந்துவிட்டன. 85 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், 2088 சிசி. ஐம்பதுகளில் மெட்ராஸில் பூட்டி விற்ற கார். ஃபெர்குசன் டிராக்டரிலும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான் ஓடியது.

இது வெட் லைனர். தண்ணீர் லைனரின் முதுகைத் தொட்டுக்கொண்டே ஓடும். சிலிண்டரைக் கடையும் போரிங் கடைக்குப் போகாமலே பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைக் கையால் இறக்கலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அடியில் லைனர் உட்காரும் விளிம்பு, அதாவது படி, சரியில்லை என்றால் தண்ணீர் நேராக எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கிவிடும்.

அதனால் அதிக நேரம் அந்தப் படியில்தான் போனது. நாலாவது சிலிண்டர் பக்கம் துருச்சேறு கெட்டியாக அடைந்து கிடந்தது. கிரைண்டர் பக்கமே போகவில்லை. படியில் ஒரு பள்ளம் விழுந்தால் பிளாக்கே வீண். பித்தளைத் தகட்டால் சுரண்டி, பழைய லைனரின் அடியில் தேய்த்து மெருகேற்றும் வால்வு பேஸ்ட் தடவி, சுற்றிலும் பளபளப்பு தெரியும்வரை கையாலேயே திருப்பித் தேய்த்தேன்.

அடுத்தது உயரம். லைனரின் தலை பிளாக்கின் முகத்துக்கு மேல் 0.003 முதல் 0.005 அங்குலம் நிற்க வேண்டும். குறைந்தால் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கட்டை லைனர் இறுக்கிப் பிடிக்காது, கேஸ்கட் சீக்கிரம் ஊதிவிடும். கூடினால் தண்ணீர் வழிகளைச் சுற்றிக் கேஸ்கட் அழுந்தாது. லைனருக்கு அடியில் வரும் கேஸ்கட்டை வைத்து, லைனரை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, டயல் கேஜில் பார்த்தால் மூன்றாவது மட்டும் 0.002.

கனமான அடி கேஸ்கட் போட்டால் தீருமா? தீராது. '8' எண் வடிவில் இருக்கும் அந்தக் கேஸ்கட் மூன்றுக்கும் நாலுக்கும் சேர்த்து ஒன்று. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் ஏறும். லேத் பட்டறை அண்ணன்தான் வழி சொன்னார்: "லைனரை மாத்திப் போட்டுப் பாருங்க தம்பி. ஒரே செட்டுன்னாலும் உயரம் துளி வித்தியாசப்படும்." இரண்டாவதில் இருந்தது கொஞ்சம் உயரம். இரண்டையும் இடம் மாற்றியதும் நாலும் 0.003-க்கும் 0.004-க்கும் நடுவில் வந்து நின்றன. அந்தந்த லைனரோடு அதனதன் பிஸ்டனும் இடம் மாறியது.

சம்பைக் கழற்றியபடியே தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.

இனி பிஸ்டன், ரிங். ஹெட் ஏறும்வரை கிளாம்ப்பைக் கழற்றுவதாக இல்லை. அது இல்லாமல் கிராங்கைச் சுற்றினால் ரிங்குகள் லைனரை மேலே இழுத்துவிடும். அடி கேஸ்கட் விட்டுப்போகும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.