கெழவிங்களே இல்லாத ஊர்ல ஒரு சினேகிதக் கதை

சுரங்கம்னு நாவல்ல ஒரு வார்த்தை வந்துட்டா போதும், நம்ம ஆளுங்களுக்கு உடனே மனசோட ஆழம், புதைஞ்சு கெடக்கற ரகசியம்னு எல்லாம் தோண ஆரம்பிச்சுடும். நான் நெய்வேலிய வெச்சு ஒரு நாவல் எழுதிக்கிட்டிருக்கேன், ரெண்டு பொம்பளைங்க, சின்ன வயசுல பழகி கெழவியாகற வரைக்கும் அந்த சினேகிதம் எப்படி ஓடுதுங்கறது தான் கதை. யார்கிட்ட சொன்னாலும் "ஓ, சுரங்கம் ஒரு குறியீடா?"ன்னு தான் கேக்கறாங்க. இல்லங்க. நெய்வேலில சுரங்கம் குறியீடெல்லாம் கிடையாது, அது டைம்டேபிள். எப்ப தூங்கணும், எப்ப குக்கர் வெக்கணும், எந்த வீட்டுல குடியிருக்கணும், எப்ப காலி பண்ணணும், எல்லாத்தையும் அது தான் முடிவு பண்ணும்.

அதுவும் இல்லாம அது குகையும் இல்ல. கோலார் தங்கவயல்ல நம்ம தமிழ் ஆளுங்க கூண்டுல எறங்கி மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு போய் வேலை பாத்தாங்களே, அந்த மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டு நெய்வேலிக்கு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. இது வானம் தெரியற பள்ளம், கண்ணுக்கு எட்டின வரைக்கும். பழுப்பு நிலக்கரி மேல 50 மீட்டருக்கு மேல மண்ணு கெடக்கும், அத மொதல்ல எடுக்கணும். ஒரு பெரிய சக்கரம், சுத்திலும் வாளி வாளியா, அது சுத்திக்கிட்டே மண்ண சொரண்டும், சொரண்டின மண்ணு கன்வேயர்ல போய் ஏற்கனவே கரி எடுத்து முடிச்ச பள்ளத்துல கொட்டும். கரிக்கு அடில தண்ணி வேற, சாதா தண்ணி இல்ல, அழுத்தத்தோட மேல முட்டிக்கிட்டு நிக்கற ஊத்து, அத ராத்திரி பகலா பம்ப் போட்டு எறைச்சுக்கிட்டே இருந்தா தான் கீழ்த்தளம் தாங்கும். இத எல்லாம் நாவல்ல ரெண்டு வரில எழுதிட்டேன். பொம்பளைங்க கதைக்கு எதுக்கு இதுன்னு கேட்ட ஃப்ரெண்டுக்கு பதில் கீழ வருது.

என் அம்மா தான் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தின்னு சொன்னா அம்மா அடிக்க வருவாங்க, ஆனா பாதி அம்மா தான். இன்னொருத்தி அம்மாவோட சினேகிதி, நான் பெரிம்மான்னு கூப்பிடறவங்க. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து வேலைக்கு வந்தவரு. 1957ல நேரு வந்து மொத சுரங்கத்த தொடங்கி வெச்சாரு, 1961ல கரி கண்ணுல பட்டுச்சு, 1962ல மின்சாரம் வந்துச்சு, அந்த நேரத்துல வந்து சேந்த ஆயிரக்கணக்கான பேர்ல தாத்தாவும் ஒருத்தர். பெரிம்மா அங்கயே பொறந்தவங்க. அவங்க அப்பாவுக்கு முந்திரிக்கொல்லை, பலா, கொஞ்சம் மல்லாட்டை. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு வெட்டறப்ப கருப்பா ஏதோ வந்துச்சுன்னு ஆரம்பிச்ச கதைய பெரிம்மா வீட்டுல சொந்தக்காரங்க கதை மாதிரி சொல்லுவாங்களாம். பெரிம்மா தலைல பால் தூக்கோட, சுரங்கத்து ஆளுங்களுக்கு கம்பெனி கட்டின குவார்ட்டர்ஸ் இருக்கற டவுன்ஷிப்புக்கு வருவாங்க, அம்மா வாங்கிக்குவாங்க, ரெண்டு பேரும் ஒரே வயசு. அவ்ளோ தான் ஆரம்பம். இத விட பெரிய ஆரம்பம் எதுவும் நான் வெக்கப் போறதில்ல.

இப்ப ஷிஃப்ட் விஷயத்துக்கு வரேன், ஏன்னா சுரங்க ஊர்ல பொம்பளைங்க சினேகிதம் எப்படி உண்டாகுதுங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய காரணமே அது தான். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த மனுஷன் பகல்ல தூங்கணும். அவர் தூங்கற நேரத்துல குக்கர் விசில் விட முடியாது, ரேடியோ வெக்க முடியாது, புள்ளைங்க சண்டை போட முடியாது, அம்மில அரைக்கக் கூட முடியாது. அம்மா சொல்லுவாங்க, விசில் வர்ற நேரம் பாத்து குண்ட கரண்டியால தூக்கி காத்த புஸ்ஸுன்னு விட்டுட்டு கதவ மெதுவா சாத்திக்கிட்டு தோட்டத்துப் பக்கம் போயிடுவேன்னு. பக்கத்து வீட்டுக்காரியும் அதே காரணத்துக்காக வெளில தான் உக்காந்திருப்பா. அந்த வேப்ப மரத்தடில, ஆளுக்கு ஒரு மொறத்த வெச்சுக்கிட்டு, குசுகுசுன்னு. டவுன்ஷிப் பொம்பளைங்க எல்லாரும் மெதுவா பேசிப் பழகினவங்க, நீங்க வேணா கவனிச்சுப் பாருங்க. பெரிம்மா தான் அந்தக் கூட்டத்துல சத்தமா பேசற ஒரே ஆள், ஏன்னா அவங்க வூட்டுக்காரருக்கு ஷிஃப்ட் இல்ல, கொல்லை தான். "இன்னாடி ஊமைங்க மாதிரி பேசறீங்க"ன்னு வந்து நிப்பாங்களாம், எல்லாரும் உஷ்ஷ்ஷ்னு கைய காட்டுவாங்களாம்.

பொம்பளைங்க ஏன் மைன்ஸ் உள்ள இல்லன்னு ஒரு கேள்வி வரும். 1952ஆம் வருஷத்து சுரங்கச் சட்டம், 46ஆவது பிரிவு: பொம்பளைங்கள நிலத்துக்கு அடில வேலைக்கு வெக்கக்கூடாது, மேல திறந்த வெளின்னாலும் காலைல 6 மணிலேருந்து சாயங்காலம் 7 மணி வரைக்கும் தான். 2019ல தான் இத தளர்த்தினாங்க. அதனால அம்மா காலத்துல டவுன்ஷிப்புல வேலைக்குப் போன பொம்பளைன்னா ஆபீஸு, ஸ்கூலு, ஆஸ்பத்திரி, இப்படித்தான் பெரும்பாலும். சுரங்க ஊர்ல வாழ்ந்தும் ராத்திரி மைன்ஸ் எப்படி இருக்கும்னு தூரத்து வெளிச்சத்த வெச்சு தான் அம்மாவுக்குத் தெரியும். என் நாவல்ல யாரும் சுரங்கத்துக்குள்ள எறங்கற சீன் கிடையாது, இதுக்காகத்தான். பள்ளத்தோட விளிம்பு வரைக்கும் தான் வருவாங்க.

சரி, தலைப்புக்கு வரேன். ரொம்ப நாளா கண்ணு முன்னாடி இருந்தும் நாவல் எழுத ஒக்காந்தப்ப தான் ஒரு விஷயம் ஒறைச்சுது: டவுன்ஷிப்புல கெழவிங்களே ரொம்ப கம்மி. நிழல் மரம், நேரான ரோடு, எந்த வட்டத்துல இருக்கோம்னு சொன்னாலே அப்பாவோட கிரேடு தெரிஞ்சுடும், மார்க்கெட், நடராஜர் கோயில் எல்லாம் இருக்கும். ஆனா ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். யாருமே அங்க வயசாக முடியாது. வயசானதும் ஆளுக்கு ஒரு பக்கம், வடலூர், பண்ருட்டி, கடலூர், பாண்டிச்சேரி, புள்ளைங்க இருக்கற சென்னைன்னு செதறிடுவாங்க. அப்போ வாழ்நாள் முழுக்க ஒரு சினேகிதம்னு எழுதறவ, அந்த வாழ்நாளோட கடைசி பாகத்த அந்த ஊருக்கு வெளில தானே எழுத முடியும்? ஊரே அங்க இருக்கறவங்களுக்கு ஒரு காலத்துக்குத் தான் சொந்தம். ஊர்க்காரிக்கு மட்டும் என்ன, அவ ஊரும் நகர்ந்துடும். ரெண்டாவது சுரங்கம் வந்தப்ப பெரிம்மா வூடு, கொல்லை, கோயில் எல்லாம் போயிடுச்சு, இப்ப வடலூர்ப் பக்கம் இருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து வளந்த எடத்துல ரெண்டு பேருக்கும் இன்னிக்கு வாசப்படி கிடையாது. இது தான் நான் எழுத வேண்டிய நாவல், மத்ததெல்லாம் சும்மா சுத்திலும் வர்ற சமாச்சாரம்.

பெரிம்மா கடலூர்ல எங்க மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வருவாங்க, பலா சீசன்ல கண்டிப்பா. எண்ணெய தடவிக்கிட்டு சொளை எடுத்துக்கிட்டே பேசுவாங்க. அப்படி ஒரு தடவை நான் தான் கேட்டேன், பெரிம்மா உங்க வூடு கரெக்டா எந்த எடத்துல இருந்துச்சுன்னு. அவங்க கொஞ்சம் கூட யோசிக்கல. "அந்தரத்துல தான் பாப்பா. எங்கூட்டு திண்ணைல குந்தணும்னா காத்துல தான் குந்தணும்."

அம்மா உடனே, "அதான் மண்ண கொட்டி மூடிட்டாங்கல்ல, மரம் கூட வெச்சிருக்காங்களே டி."

"மூடினாங்க. அது எங்க மண்ணா? எவ ஊட்டு மண்ணோ."

இத விட துல்லியமா எந்த இன்ஜினியரும் எனக்கு திறந்தவெளிச் சுரங்கத்த விளக்கினதில்ல. முன்னாடி வெட்டற ஊரோட மண்ணு, பின்னாடி ஏற்கனவே வெட்டின ஊர மூடுது. மேல சக்கரத்தையும் கன்வேயரையும் பத்தி எழுதினேனே, அது இந்த ஒரு வசனம் வாசகனுக்குப் புரியறதுக்காகத்தான்.

இன்னொரு வசனமும் இருக்கு, நாவலோட நடுவுல வெச்சிருக்கேன். அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸ் காலி பண்ணினப்போ அம்மா ரொம்ப ஒடஞ்சு போயிட்டாங்க, அத்தன வருஷம் இருந்த வீடு, அவங்களே வெச்ச முருங்கை, செம்பருத்தி. பெரிம்மாகிட்ட சொல்லி அழுதிருக்காங்க, சாவிய குடுத்துட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டேன் டீன்னு. பெரிம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "சாவியாச்சும் குடுத்துட்டு வந்தியேடி"ன்னாங்களாம். அவ்ளோ தான், அதுக்கப்புறம் வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. அம்மா வீட்டுல எரிஞ்ச லைட்டுக்கு எந்த மண்ணு போச்சுங்கறத அவங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்ட ஒரே நேரம் அது தான்னு நெனைக்கறேன், அதுவும் அரை வரி.

நெறைய பேர் சினேகிதின்னு கதை எழுதினா நடுவுல ஒரு ஆம்பளைய கொண்டு வந்து போட்டுடறாங்க, இல்லன்னா ஒரு துரோகம், அப்புறம் பல வருஷம் பேசாம இருந்து கடைசில ஆஸ்பத்திரி பெட்டுல கட்டிப் புடிச்சு அழறது. எனக்கு அது சுத்தமா புடிக்காது. நான் பாத்த வரைக்கும் பொம்பளைங்க சினேகிதத்துல பெரிய விஷயத்துக்கு சண்டை வராது, பெரிய விஷயத்த ரெண்டு பேரும் சேந்து மறைச்சு வெச்சுட்டு சின்ன விஷயத்துக்கு சண்டை போடுவாங்க. அம்மாவும் பெரிம்மாவும் ஒரு லெகோ மூட்டைக்கு சண்டை போட்டிருக்காங்க. லெகோன்னா இப்ப இருக்கற புள்ளைங்களுக்குத் தெரியாது, பழுப்பு நிலக்கரிய கட்டியாக்கி சுட்டு அடுப்புல போடறதுக்கு அப்ப விப்பாங்க, பொகை வராது. அம்மா ஒரு மூட்டை குடுத்திருக்காங்க, பெரிம்மா காசு குடுத்திருக்காங்க, அம்மா வாங்க மாட்டேன்னிருக்காங்க, அதுல பெரிம்மாவுக்கு கோவம் வந்து ஒரு மாசம் பால் வரல. கரிக்கு சண்டையா அது? பெரிம்மா ஏன் காசு குடுத்தே தீருவேன்னு நின்னாங்கன்னு அம்மாவுக்கும் தெரியும், ஏன் தெரியாது.

இதே மாதிரி ஒரு சமச்சீரில்லாத சினேகிதம் ஒரு ஆயுசுக்கும் நிக்குமா, நம்பற மாதிரி இல்லையேன்னு கையெழுத்துப் பிரதிய படிச்ச ஒருத்தர் சொன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல எந்த சினேகிதம் சமமா இருந்திருக்கு?

இப்ப எழுதிக்கிட்டிருக்கறது 'தானே'ங்கற புயலோட அத்தியாயம். 2011 டிசம்பர் 30, விடிகாலைல கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. அதுக்குள்ள அம்மா மஞ்சக்குப்பம் வந்தாச்சு, பெரிம்மா இருக்கற ஒரு துண்டுக் கொல்லையில திரும்பவும் முந்திரியும் பலாவும் வெச்சு காய்ப்புக்கு வந்திருந்துச்சு. பண்ருட்டி பக்கமெல்லாம் தாத்தா காலத்து பலா மரங்க வேரோட சாஞ்சு கெடந்தத பாத்தவங்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்ல. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற மாவட்டம், எங்க வீட்டுலயும் பெரிம்மா வூட்டுலயும் எத்தன நாளோ இருட்டு. தண்ணி டேங்கர் பின்னாடி ஓடினது, மெழுகுவத்தி வெல ஏறினது எல்லாம் ஞாபகம் இருக்கு. ரோட்டுல விழுந்த மரத்த எல்லாம் வெட்டி பஸ் விட ஆரம்பிச்ச ஒடனே அம்மா கெளம்பிட்டாங்க, கைல ஒரு பெரிய டிபன் கேரியர், எலுமிச்ச சாதம். அங்க போனா பெரிம்மா சாஞ்ச மரத்து மேல ஒக்காந்துக்கிட்டு கோணி ஊசில கூரைக்கு தார்ப்பாய் தச்சுக்கிட்டு இருந்தாங்களாம். மொத வார்த்தை: "எதுக்குடி வந்த, ஒங்கூட்டு ஓடு போவலியா?" இந்த அத்தியாயத்துல அழுகை வெக்கக்கூடாதுன்னு எனக்கு நானே கண்டிஷன் போட்டிருக்கேன்.

1962ல ஓட ஆரம்பிச்ச அந்தப் பழைய நெய்வேலி அனல்மின் நிலையத்த 2020ல மூடிட்டாங்கன்னு நியூஸ் வந்தப்ப அம்மா ஃபோன் போட்டு பெரிம்மாகிட்ட சொன்னாங்க, "அதுக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்கடி". அந்தப் பக்கம் அவங்க சொன்ன பதில் இங்க எழுத முடியாது, நாவல்ல எழுதலாம்.

கடைசி அத்தியாயம் வடலூர்ல தான்னு முடிவு பண்ணிட்டேன். தைப்பூசத்துக்கு ரெண்டு பேரும் வருஷா வருஷம் வள்ளலாரோட சத்திய ஞான சபைக்கு வந்துடுவாங்க, கூட்டத்துல ஏழு திரையும் விலகி ஜோதி தெரியற வரைக்கும் நிப்பாங்க, அப்புறம் தருமசாலைல சாப்பாடு. வள்ளலார் 1867ல பத்த வெச்ச அடுப்பு அது. அவங்களுக்குத் தெரிஞ்ச எடத்துலயே எடம் மாறாம இருக்கற எடம்னா அது ஒண்ணு தான். ஆனா அங்க வெச்சா ரொம்ப பக்தியா போயிடுமோன்னு ஒரு பயமும் இருக்கு, அதனால சாப்பாட்டு வரிசைல ரெண்டு பேரும் யார் எடம் புடிச்சதுன்னு சண்டை போடற மாதிரி எழுதப் போறேன். நிஜத்துலயும் அப்படித்தான் நடக்கும், பெரிம்மா எப்பவும் லேட், அம்மா துண்ட போட்டு வெச்சிருப்பாங்க.

பதிப்பாளர் ஒருத்தர் கேட்டாரு, யாராவது ஒருத்தி செத்தா நல்லா இருக்குமேன்னு. பெரிம்மாகிட்ட அத அப்படியே சொன்னேன். "அந்த ஆளு நம்பர குடு"ன்னாங்க. குடுக்கல. அவங்களுக்கு வேற கவலை, கொல்லைல எத்தன பலா இருந்துச்சுன்னு நாவல்ல சரியா வரணுமாம், அளவு எடுக்க வந்தவங்க எழுதினது தப்புன்னு இன்னிக்கும் சொல்றாங்க. அவங்க ஒரு எண்ணிக்கை சொல்வாங்க, அம்மா ஒண்ணு சொல்வாங்க, "நீ பால் வாங்கினவ, ஒனக்கு எப்பிடி தெரியும்"னு பெரிம்மா ஆரம்பிச்சுடுவாங்க. அடுத்த தடவை வரும்போது பேப்பர்ல வரைஞ்சு காட்டச் சொல்லியிருக்கேன், கிணறு எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம்னு. அது வந்ததும் ரெண்டாவது அத்தியாயத்த திருத்தணும்.