காசு கிடைத்த இடம்

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் எனக்கு வேலை என்று தெரிந்ததும் மட்டக்களப்பில் எவரும் கேட்பது, "இதற்கு என்ன விலை வரும், ஐயா?" நான் கேட்பது, "எங்கே எடுத்தீர்கள்?" பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதிலேயே போனது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து போடியார் (நிலக்கிழார்) ஒருவர் சில செப்புக் காசுகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். வட்டையில், அதாவது வயல்வெளியில், வாய்க்கால் வெட்டும்போது வெளிப்பட்டவை. புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கைப் போல் பளபளப்பாக்கியிருந்தார். பேரன் எடுத்து ஒளித்துவைத்த ஒன்று மட்டும் களிம்போடு தப்பியிருந்தது. உருப்பெருக்கியின் கீழ் அதன் ஒரு புறம் நிற்கும் உருவம். மறுபுறம் உட்கார்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று சோழ மன்னனின் பெயர். தேய்த்தவற்றில் உருவம் மங்கலாகத் தெரிந்தது, எழுத்து போய்விட்டிருந்தது.

அந்த எழுத்துத்தான் எல்லாம். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய பிறகும் காசின் அமைப்பு மாறவில்லை. பின்வந்த பராக்கிரமபாகு, நிஸ்ஸங்கமல்லன், ஏன், லீலாவதி அரசிகூட அதே நிற்கும் உருவத்தையும் உட்கார்ந்த உருவத்தையுமே பொறித்தார்கள். பெயர் மட்டும் வேறு. பெயர் அழிந்தால், எந்த மண்ணில், எந்தப் பானை ஓட்டுச் சில்லோடு கிடைத்தது என்பதே மிஞ்சும் சாட்சி. அதையும் தொலைத்துவிட்டால் கையில் இருப்பது வெறும் செம்பு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துச் செப்புத் துட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. பலவற்றில் ஆண்டே பொறித்திருக்கும்.

உப்புநீர் வாவியின் கரையில் கிடைக்கும் காசுகள் வேறு விதமாக வதைக்கும். உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் தங்கியிருந்து, ஈரக்காற்றுப் பட்டதும் மறுபடி அரிக்கத் தொடங்கும். மேலே வெளிர்பச்சைப் பொடி கண்டால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுவேன். மாரி காலத்தில் பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்ச வைத்துள்ள சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பாகிவிடும். எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். பார்வையாளர் கண்ணில் படாத இந்த வேலையில்தான் எனக்கு மனநிறைவு அதிகம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் காசு கிடைத்ததைச் சொன்னால் வயலையே பறித்துவிடுவார்களோ என்ற அச்சமும் எங்கள் மக்களிடம் இருக்கிறது. அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த அச்சத்தால்தான் பல காசுகள் எங்களிடம் வராமல் உருக்கப்படுகின்றன.

புதிதாகச் சேரும் இளையவர்களை முதலில் வட்டைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பெரும்போகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டை விதானையிடம் கேட்டு, விவசாயிகளிடம் சற்று நேரம் பேசினால் போதும்: கிடைத்ததைத் தேய்க்காதீர்கள், எந்த வரம்பு, எந்த வாய்க்கால், எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.