பூம்பாறைத் தடமும் எங்கள் மின்சாரக் காரும்

போன மழைக்காலத்தில் கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டத்துக்கு இறங்கும்போது காரின் அடியில் ஒரு கல் உரசியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. மற்ற காரில் உரசினால் சைலன்சரோடு போகும். இதில் அடித்தளம் முழுக்க பேட்டரி.

இந்த மாதம் காரை 25 மி.மீ. உயர்த்தினோம். பெரிய டயர் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார்: டயரின் விட்டம் 20 மி.மீ. கூடினால் கார் உயர்வது 10 மி.மீ. மட்டும். அதனால் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் தடித்த வளையம், வைத்தோம். இன்னும் உயர்த்தச் சொன்னேன், மறுத்துவிட்டார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடினால் அதன் ஜாயின்ட் சீக்கிரம் தேயுமாம். சரியான மனுஷன்.

செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் வாரண்டி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் இரண்டையும் சரிபாருங்கள். அடியில் காப்புத் தகடு மாட்டுவதாக இருந்தால் பேட்டரிப் பெட்டியில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

நேற்று அப்பாவையும் இரண்டு மூட்டை பூண்டையும் ஏற்றிக்கொண்டு அதே தடத்தில் மேலே வந்தேன். எங்கேயும் உரசவில்லை.