மகளின் சீருடையை மூன்று முறை பிடித்துத் தைத்தேன்

கும்பகோணத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. என் மகளின் பள்ளிச் சீருடையை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் தைத்தேன். பதினொன்றாம் வகுப்புக்கு ஜூனில் தைத்த சுடிதாரை ஆகஸ்டில் கடைக்குக் கொண்டுவந்து, “லூசா இருக்குப்பா, கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க” என்றாள். பிடித்துக் கொடுத்தேன். அக்டோபரில் மறுபடி. பொங்கலுக்கு முன்னால் மூன்றாவது தடவை. ஊரார் பிள்ளைகளின் அளவையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பவன், என் பிள்ளையின் அளவு மூன்று தடவை குறைந்ததை வெறும் தையல் வேலையாகவே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேர் போடாம எழுதுங்கப்பா” என்றாள். அவள் எடை எவ்வளவு இருந்தது, எதையெல்லாம் நிறுத்தினாள், எங்கள் கண்ணை எப்படி மறைத்தாள் என்பதெல்லாம் இதில் இருக்காது. சாப்பிடவே பயந்து இளைத்துப்போகிற இதே நோயில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படித்தால் அந்த எண்ணோடு போட்டி போட ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அது சத்தியமான பேச்சு. வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நோயின் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. 1870களில் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் வைத்த பெயராம். அனோரெக்சியா என்றால் பசியின்மை. பெயரே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. என் மகளுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியைப் பார்த்துப் பயம் இருந்தது.

ஆரம்பம் ஆடிக் கிருத்திகை விரதம். சுவாமிமலைக்குப் போய்வந்தாள். அப்புறம் மாதா மாதம் கிருத்திகை, அப்புறம் வெள்ளிக்கிழமை, அப்புறம் செவ்வாய். என் அம்மாவுக்கு ஒரே பெருமை. அக்கம்பக்கத்தில் “நல்லா ஒல்லியா அழகாயிட்டா” என்றார்கள். விரதம் இல்லாத நாளில் “வயிறு உப்பினாப்ல இருக்கு” என்பாள். வயிற்று டாக்டரிடம் போனோம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கேஸ் மாத்திரை. மாதவிலக்கு நின்றது என்று பெண் டாக்டரிடம் போனோம். தைராய்டு பார்த்தார்கள், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒருவர், “ரெண்டு போட்டு ஊட்டுங்க, சரியாயிடும்” என்றார். அந்தப் பேச்சை நம்பி நான் ஒரு நாள் கையை ஓங்கினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரியில் பள்ளி இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தாள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நாடித்துடிப்பு மிகவும் குறைவாக இருந்ததால் ஈசிஜி மெஷினை மாட்டியே வைத்தார்கள். ராத்திரி டியூட்டியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். அவர் கேட்டது ஒரே கேள்விதான் என்று பின்னால் மகள் சொன்னாள்: “சாப்பிடணும்னு நினைச்சாலே பயமா இருக்காம்மா?” எட்டு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், அவசரப்படக் கூடாது என்பது. தட்டு நிறையச் சோறு போட்டுத் தேற்றிவிடலாம் என்று துடித்தேன். விடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்களில் சிலர், பட்டினி கிடந்த உடம்போடு திடீரென்று நிறையச் சாப்பிட்டதாலேயே இறந்துபோனார்களாம். இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். அதனால் தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். வீட்டிலேயே தேற்றிவிடலாம் என்று நினைக்கிற பெற்றோர் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். மனநோய்களிலேயே அதிகமாக உயிரைக் கொண்டுபோகிற நோய்களில் இது ஒன்று.

பிறகு திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் போனோம், முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. அந்த அம்மா சொன்னதையெல்லாம் அளவு நோட்டின் பின்பக்கங்களில் எழுதிவைத்திருக்கிறேன்.

நான் முதலில் கேட்டது, “அழகா இருக்கணும்னு சினிமாவைப் பாத்துக் கெட்டுப்போயிட்டாளா டாக்டர்?” என்று. இல்லை என்றார். குண்டாகிவிடுவோம் என்ற பயமே வெளியில் தெரியாமல், வயிறு உப்புகிறது, இறங்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு இதே நோயில் கிடப்பவர்கள் உண்டாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவர் 1990களில் இப்படிப் பலரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1995-ல் டில்லி மருத்துவர்கள் எழுதிய ஐந்து இளம்பெண்களும் அப்படித்தான். நம் வீடுகளில் இது வயிற்று வலியாகவும் விரதமாகவும் வேஷம் போட்டு வருவதால் வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

அப்படியானால் உள்ளே என்னதான் நடந்தது? ஹில்டே புரூக் என்ற மருத்துவர் 1962-லேயே மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். தன் உடம்பைத் தானே தப்பாகப் பார்ப்பது ஒன்று. உடம்பு உள்ளிருந்து சொல்கிற செய்தி, பசியா, களைப்பா, பயமா என்று பிரித்துத் தெரியாமல் போவது இன்னொன்று. மூன்றாவது, நம்மால் எதையும் செய்ய முடியாது, எல்லாம் மற்றவர்கள் முடிவுதான் என்று அடிமனதில் ஊறிக்கிடக்கிற எண்ணம். மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. பயாலஜி குரூப் நான் எடுத்தது. நீட் கோச்சிங் என் மச்சான் சேர்த்தது. அவள் பெரியவளானபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, பட்டுச்சேலை கட்டி, நூறு பேர் முன்னால் உட்காரவைத்தோம். வேண்டாம் என்று அன்றைக்கு அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாதவிலக்கு நின்றதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று பின்னால் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். பெரிய மனுஷி ஆவதே பயமாக இருக்கிற பிள்ளைகள் உண்டு, இந்த நோய்க்கான கேள்வித்தாளிலேயே அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது என்றார்.

அவள் இயல்பாகவே ஒரு பிழைகூடப் பொறுக்காதவள். ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். தொண்ணூற்றெட்டு வாங்கினால் அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு அழுவாள். நான் அதைப் பொறுப்பு என்று நினைத்தேன். ஒரு வழியைப் பிடித்தால் மாற்ற முடியாத மனம் அது. அதே தட்டு, அதே இடம், அதே நேரம். படிப்பில் அந்த மனம் மதிப்பெண்ணாக வந்தது. சோற்றின் பக்கம் திரும்பியபோது நோயாக வந்தது.

அதற்காக எங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொள்ள டாக்டர் விடவில்லை. வளர்த்த விதத்தால் மட்டும் இது வந்துவிடாது, பிறவியிலேயே இதற்கு இடம் கொடுக்கிற உடம்பும் உண்டு என்றார். 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுவில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன அன்றுதான் என் மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என்னை மாற்றிய கதை இன்னொன்று. 1944-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாங்களாகவே ஒரு ஆராய்ச்சிக்கு வந்தார்கள். ஆறு மாதம் அரைவயிறு. நல்ல திடமான மனசு உள்ளவர்கள். அவர்களுக்கும் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிப்பது, ஒரு வாய்ச் சோற்றை நெடுநேரம் வைத்துத் தின்பது, எரிந்து விழுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது எல்லாம் வந்துவிட்டது. என் மகள் அந்த நாட்களில் ராத்திரி முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பாள். எங்களுக்கு விதவிதமாகச் செய்துபோட்டு, தான் மட்டும் சாப்பிட மாட்டாள். எல்லாம் அவள் குணம் என்று நினைத்தோம். “பாதி குணம் பட்டினியோடது சார். மொத மருந்து சாப்பாடு. உடம்பு தேறினாத்தான் மனசோட பேசவே முடியும்” என்றார் டாக்டர்.

வீட்டில் செய்த வைத்தியம் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. முதல் கட்டத்தில் சாப்பாட்டு முடிவு முழுக்கப் பெற்றோர் கையில். இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையில் திருப்பிக் கொடுப்பது. மூன்றாவதில் வயதுக்குரிய மற்ற விஷயங்கள். பத்தொன்பது வயதுக்குள் வந்து, மூன்று வருடத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்த பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பலன் கொடுத்ததை 1987-லேயே பார்த்திருக்கிறார்கள். எழுதும்போது மூன்று வரி. எங்களுக்கு அந்த முதல் கட்டமே ஏழு மாதம்.

மூன்று வேளையும் இடையில் இரண்டு தடவையும், தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது எதிரில் இருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடத்தில் சமையல்கட்டுப் பக்கம் போகாதவன் நான். ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து எதிரில் உட்காருவேன். முதல் நாள் இரண்டு இட்லிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. “நீங்க என்னைக் கொல்றீங்கப்பா” என்று கத்தினாள். தயிர்சாதத்தைச் சுவரில் அடித்தாள். எதற்கும் எங்கள் பதில் இரண்டே வாக்கியம்: “இதுதாம்மா சாப்பாடு. நான் இங்கதான் இருக்கேன்.” இன்னொரு தட்டு போடுவோம்.

ஜேனட் டிரஷர் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளின் வீட்டாரை விலங்குகளோடு ஒப்பிட்டிருக்கிறாராம். முட்டித் தள்ளுகிற காண்டாமிருகம் நான். மடிப்பையில் போட்டுக் காப்பாற்றி, எதற்கும் விட்டுக்கொடுக்கிற கங்காரு என் மனைவி. இருக்க வேண்டியது டால்பின் மாதிரி, கூடவே நீந்தி, கொஞ்சம் முன்னால் போய் வழிகாட்டி, கொஞ்சம் பின்னால் நின்று. எனக்கு அது வருவதற்கு மாதக்கணக்கானது.

இதில் யாரும் எதிர்பார்க்காதது என் அம்மா. அவர்களுக்கு இது காத்து கருப்பு வேலை. மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பாருங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று டாக்டர் எங்களுக்கு வாராவாரம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை. பேத்தி கத்தும்போது நான் பதிலுக்குக் கத்த வாயெடுப்பேன். அம்மா என் கையைப் பிடித்து, “நம்ம புள்ள பேசலடா, அது பேசுது” என்பார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். டாக்டரிடம் இதைச் சொன்னேன். “அப்பாயி சொல்றதையே நீங்களும் சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து வீட்டில் நோய்க்குப் பெயர் ‘அது’.

நடுவில் சறுக்கல்கள் இருந்தன. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் “இப்பதான் கன்னம் வெச்சிருக்கு” என்று நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு மூன்று வாரம் பின்னால் போனோம். தயவுசெய்து யாரிடமும் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், பாராட்டாகக்கூட. பதினொன்றாம் வகுப்பை மறுபடி படித்தாள். நீட்டை விட்டுவிட்டோம். அது அவளாக எடுத்த முடிவு. மறுப்புச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எடை தேறிய பிறகு, இறுகின மனதைத் தளர்த்த டாக்டர் சின்னச் சின்னப் பயிற்சி கொடுத்தார். வேறு தெரு வழியாக நடந்து வா, இடது கையால் எழுது, தட்டை மாற்று. வேண்டுமென்றே ஒரு தப்பு செய்துவிட்டு அப்படியே விடு. இந்தக் கடைசிக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையில் துண்டுத்துணியும் மெஷினும் கொடுத்து, கோணலாக ஒரு தலையணை உறை தைத்துக் கொடு என்றேன். முதல் உறையை மூன்று தடவை பிரித்தாள். நான்காவதைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தாள். தையல் பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. அதில்தான் இப்போதும் தலைவைத்துப் படுக்கிறேன்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்து எங்கே போவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாடித்துடிப்பையும் இரத்த உப்புகளையும் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

இப்போது கல்லூரியில் முதல் வருடம், பி.காம். மாதவிலக்கு திரும்பிவிட்டது. பரீட்சை நேரத்தில் மட்டும் பழைய பயம் எட்டிப்பார்க்கிறது. அப்போது நாங்கள் மறுபடி எதிரில் உட்காருகிறோம். அவளுக்குத் தைக்கும்போது நான் டேப்பை எடுப்பதில்லை. அவளுக்கு வசதியாக இருக்கும் ஒரு பழைய சுடிதாரை மேலே போட்டு வெட்டுகிறேன். உள்தையலில் தாராளமாகத் துணி விடுகிறேன்.

போன புதன்கிழமை ஒரு கல்யாண ஆர்டர், ஒன்றரை மணி ஆனதே தெரியவில்லை. போன் வந்தது. “எங்கப்பா இருக்கீங்க? எனக்குப் பசிக்குது.” சின்ன வயதில் சொன்னதோடு சரி, அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும். “நீ சாப்பிடும்மா, அப்பா வந்துர்றேன்” என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தாள். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.