கல்யாணத்துக்குப் போகிற வழியில் வரையாடு

ஆவணியில் நாத்தனார் மகளுக்கு உடுமலையில் கல்யாணம். என் வீட்டுக்காரர் தாய்மாமன். முதல் நாள் சாயங்காலமே சீர்த்தட்டோடு மண்டபத்தில் நிற்க வேண்டிய ஆள். தேனியிலிருந்து வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி என்று தரையிலேயே போனால் நாலு மணி நேரத்துக்குள் உடுமலை வந்துவிடும். நான்தான் போடி, மூணாறு, மறையூர் வழியாகப் போகலாமே என்று ஆரம்பித்து வைத்தேன். தூரம் கொஞ்சம்தான் கூட. நேரம்தான் இரண்டு மடங்கு.

எல்லாம் ராஜமலைக்காக. பலகையில் இரவிகுளம் தேசியப் பூங்கா என்று இருக்கும், எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூணாறிலிருந்து உடுமலை போகிற ரோட்டிலேயே ஐந்தாம் மைலில் அதன் வாசல் இருக்கிறது. இதற்கென்று எங்கேயும் திரும்ப வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் அசடு வழிந்தது இன்னும் மறக்கவில்லை. அது மாசி மாதம். வாசல் பூட்டிக் கிடந்தது. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் வருடாவருடம் மூடிவிடுவார்களாம். எதிரே டீக்கடைக்காரர் "ஏப்ரல்ல வாங்க, குட்டியோட பார்க்கலாம்" என்றார். நம்ம மாநில விலங்கைப் பார்க்க ஒரு தேதிகூடப் பார்க்காமல் போனால் யாரைக் குற்றம் சொல்வது!

இந்தத் தடவை உடுமலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். மறையூர் தாண்டினால் சின்னாறு சரணாலயம், அப்புறம் ஆனைமலைக் காடு, அதன் முடிவில் ஒன்பதாறு செக்போஸ்ட். பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம், வண்டியையும் விடமாட்டார்கள். அதனால் இரண்டு மணிக்கெல்லாம் சின்னாறில் இருக்க வேண்டும். மறையூரில் சாப்பாடு, கையோடு இரண்டு உருண்டை வெல்லம். அப்படியானால் ராஜமலையை விட்டு பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும். எட்டரைக்கு ஐந்தாம் மைலில் நின்றால் மூன்று மணி நேரம் கிடைக்கும். நம்ம வண்டி உள்ளே போகாது. வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் கால்கடுக்க நிற்கவேண்டியதில்லை. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தார் ரோட்டில் ஒரு நடை, அவ்வளவுதான். 2,695 மீட்டர் ஆனைமுடியை மேகம் விட்டால் கீழிருந்து பார்க்கலாம், ஏற முடியாது. ஆடுகளோ ரோட்டோரத்துக்கே வந்து மேயும். தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து 2025ல் எடுத்த கணக்கில் இரண்டு மாநிலத்திலும் மொத்தம் 2,668 வரையாடு. அதில் 841 இந்த 97 சதுர கிலோமீட்டருக்குள். அதனால் இந்தத் தடவை ஏமாற மாட்டோம் என்று ஒரு தைரியம். குறிஞ்சி மட்டும் கிடையாது. 2018ல் பூத்தது, இனி 2030தான். அப்போது பெரியவன் காலேஜ் முடித்திருப்பான், எங்களோடு வருவானா தெரியாது.

எட்டரைக்கு அங்கே நிற்க தேனியில் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். விடிந்தால் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்த ஜீப்புகளோடு போட்டி போட என் வீட்டுக்காரருக்குப் பொறுமையும் கிடையாது, திறமையும் கிடையாது. (இதை அவர் படிக்க மாட்டார்.)

மழைதான் பயம். பெரியகானல் தாண்டி வரும் கேப் ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரிவது புதிதில்லை. ராஜமலைக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட்டில் எழுபது பேர் போய்விட்டார்கள். தோட்டத்து லயன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டு வம்சாவளிச் சனம். அந்த மலைக்கு ஆவணியில் போகிறோம் என்பதை மறந்து திட்டம் போடக்கூடாது. அதனால் ஒரு ஒப்பந்தம்: முந்தின நாள் ராத்திரி போடியில் இருக்கும் தம்பிக்குப் போன் போடுவேன். ஜீப் டிரைவர்கள் மூலமாக மேலே நிலவரம் அவனுக்குத் தெரிந்துவிடும். "வேணாம்க்கா" என்று சொன்னால் பேச்சே இல்லை, பழனி ரோடுதான்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. "பேத்தி கல்யாணத்துக்குப் போற வழியில ஆடு பார்க்கணுமாக்கும்? நம்ம தெருவுல இல்லாத ஆடா?" என்றார். அடுத்தது அரிக்கொம்பன். 2023ல் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து எல்லோரையும் ஓடவிட்ட யானையை எங்கள் பக்கத்தில் யார் மறப்பார்கள்? அதை முதலில் பிடித்த சின்னக்கானல் நாங்கள் போகிற வழியை ஒட்டித்தான் இருக்கிறது. இப்போது அது களக்காடு பக்கம் இருக்கிறது என்று சொல்லியும் அத்தை நம்பவில்லை. கடைசியில் முழங்கால் வலிக்கு மறையூர் சந்தனத் தைலம் வாங்கித் தருவதாகச் சொன்னபிறகு, ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். சீர்த்தட்டுப் பழமெல்லாம் டிக்கியில் பூட்டி, சாவி அவர் இடுப்பில்தான் இருக்க வேண்டுமாம். குரங்குக்காக. அத்தை சொன்னது நியாயம்தான், எனக்கு இது தோன்றவே இல்லை.

வீட்டுக்காரர் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் பிரேக்கையும் வைப்பரையும் மாற்றிவிட்டு வந்தார்.